க்ரம்பியின் மூல ஓவியம்: 1938-ஆம் ஆண்டுக் கூர்வாசியே செல் பற்றிய மதிப்புரை

வால்ட் டிஸ்னியின் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' படத்தைச் சார்ந்த நினைவுப்பொருள்களுள் ஒரு தனிமனிதர் காசு கொடுத்து வாங்கக்கூடிய மிகச் சிறந்த பொருள் எது என்று கேட்டால், கூர்வாசியே செல் என்றுதான் தயங்காமல் சொல்வேன். செல் என்பது கார்ட்டூன் உருவத்தைத் தீட்டிப் படம்பிடிக்கும் ஒளிபுகும் தாள்; கூர்வாசியே என்பது அதை விற்பனைக்குக் கொண்டுவந்த கலைக்கூடத்தின் பெயர். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலஸின் கார்தே சர்க்கிள் திரையரங்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட அந்தப் படத்துக்காக மை தீட்டி, வண்ணம் பூசி, காமிராவின் அடியில் வைத்துப் படம்பிடித்த அதே செல்லுலாயிட் தாள்தான், 1938-ஆம் ஆண்டு முதல் அட்டைச் சட்டம் கட்டிக் கலைக்கூடங்களில் விற்பனைக்கு வந்தது. அவற்றுள் ஒன்று, குள்ளர்களுள் முன்கோபியான க்ரம்பியின் செல், ஏலத்தின் வழியாக என்னிடம் வந்து சேர்ந்தது. இதை வாங்க நினைப்பவர்கள் தங்களுக்குக் கிடைப்பது எது, கிடைக்காதது எது என்பதைத் தெளிவாக அறிந்துகொண்டு பணத்தை எடுக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் இந்தப் பொருள் எப்படி உருவானது என்பதைச் சொல்ல வேண்டும். அக்காலத்தில் படப்பிடிப்பு முடிந்த செல்களுக்கு ஸ்டுடியோவில் மதிப்பே இருந்ததில்லை; வண்ணத்தைக் கழுவிவிட்டு அதே தாளை மீண்டும் பயன்படுத்துவார்கள், அல்லது குப்பையில் போடுவார்கள். சான்பிரான்சிஸ்கோவில் கலைக்கூடம் நடத்திவந்த கத்ரி கூர்வாசியே என்பவர், இவற்றைக் கலைப்பொருள்களாக விற்கலாம் என்று டிஸ்னி நிறுவனத்தோடு 1938-இல் ஒப்பந்தம் செய்துகொண்டார். தேர்ந்தெடுத்த செல்களை விற்பனைக்கு ஏற்ற வடிவில் அமைத்துத் தருவதற்கென்று ஸ்டுடியோவுக்குள்ளேயே ஹெலன் நெர்போவிக் என்ற பெண்மணியின் தலைமையில் ஒரு குழு இயங்கியது. இன்று 'கூர்வாசியே செட்டப்' என்று சேகரிப்பாளர்கள் சொல்வது இந்தக் குழுவின் கைவேலையையும் சேர்த்துத்தான். கழுவப்பட்டுப் போயிருக்க வேண்டிய தாள்களுள் ஒரு பகுதி இன்றுவரை பிழைத்திருப்பதற்கு அந்த ஒப்பந்தமே காரணம் என்பதால், அதில் எவ்வளவு வணிக நோக்கம் இருந்தாலும் எனக்கு அந்த மனிதர் மீது நன்றியுணர்வு உண்டு.

என்னிடம் உள்ள செல்லில் க்ரம்பி கைகளைக் கட்டிக்கொண்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். உருவத்தின் உயரம் உள்ளங்கை அளவுக்குமேல் இல்லை. பின்னணியாக மெல்லிய மரத்தகடு ஒட்டப்பட்டிருக்கிறது. அதன் இயற்கையான வரிகள் உருவத்துக்குப் பின்னால் குறுக்காக ஓடுகின்றன. காலடியில் காற்றுத்தூரிகையால் தெளித்த நிழல் ஒன்று பழுப்பாகப் படிந்திருக்கிறது. சுற்றிலும் உள்ள தந்தநிற அட்டையின் திறப்புக்குக் கீழே பாத்திரத்தின் பெயர் பென்சிலால் எழுதப்பட்டிருக்கிறது. முதல் பார்வைக்கு இது அழகான, அடக்கமான ஒரு சுவர்ப்படம். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்க்கும்போதுதான் பொருளின் உண்மையான பெறுமதி தெரியவருகிறது. சட்டையின் விளிம்பை வரைந்திருக்கும் கோடு கறுப்பு அன்று, சட்டையின் சிவப்பைவிட ஒரு படி அடர்ந்த சிவப்பு. மூக்கைச் சுற்றிய கோடு தோலின் நிறத்தைவிடச் சற்றே கருத்த பழுப்பு. தாடியின் ஓரத்தில் கோடு நின்று, உலர்ந்த தூரிகையின் மெல்லிய கீறல்கள் மரத்தகட்டின் மேல் கரைந்துபோகின்றன. ஒவ்வொரு பரப்புக்கும் அதற்குரிய வண்ண மையைத் தேர்ந்து, நடுக்கமில்லாமல் ஒரே இழுப்பில் தீட்டிய அந்தக் கோடுகளை வரைந்தவர்கள், மை மற்றும் வண்ணப் பிரிவில் பணியாற்றிய இளம்பெண்கள். வண்ணமோ தாளின் பின்புறத்தில் பூசப்பட்டிருக்கிறது. அதனால்தான் முன்புறத்தில் தூரிகையின் தடம் எதுவும் தெரியாமல் நிறம் சமமாகப் பரந்து கிடக்கிறது.

அந்தப் பெண்களின் பெயர்கள் படத்தின் தொடக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை. க்ரம்பிக்கு உயிர் கொடுத்த அனிமேட்டர்களுள் முதன்மையானவர் பில் டைட்லா, குரல் கொடுத்தவர் பின்டோ கொல்விக் என்பதை ஆர்வலர்கள் எல்லோரும் அறிவார்கள். ஸ்னோ ஒயிட் நெற்றியில் முத்தமிட்டதும் க்ரம்பியின் கோபம் இளகும் காட்சியை டைட்லாவின் சாதனையாகக் கொண்டாடுவதும் நியாயமே. ஆனால் டைட்லாவின் கைபட்டது, பிறகு செல்லில் படியெடுக்கப்பட்ட பென்சில் ஓவியத்தில். செல்லில் இருப்பது முழுக்க முழுக்க அந்தப் பெண்களின் கைத்திறன். பென்சில் ஓவியங்களைவிடச் செல்லையே நான் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்லின் நிறமும் திரையில் நாம் பார்க்கும் நிறமும் ஒன்றாக இருக்காது என்பதையும் வாங்குபவர் அறிந்திருக்க வேண்டும். மூவண்ண டெக்னிகலர் முறையில், அனிமேஷனுக்காகப் படச்சுருளின் ஒவ்வொரு சட்டகமும் (ஃபிரேம்) சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய வடிகட்டிகளின் வழியாக மும்முறை அடுத்தடுத்துப் படம்பிடிக்கப்பட்டது. அந்தச் செயல்முறையில் நிறங்கள் மாறும் விதத்தைக் கணக்கிட்டே ஸ்டுடியோ தன் வண்ணங்களைத் தானே தயாரித்துக்கொண்டது. ஆகவே செல்லில் நிறங்கள் திரையில் கண்டதைவிட மங்கலாகத் தெரிந்தால் அதை வெளிறல் என்று உடனே முடிவுகட்டக் கூடாது. படத்தின் நீளம் 83 நிமிடம். நொடிக்கு 24 சட்டகம் என்று கணக்கிட்டால் ஏறத்தாழ 1,20,000 சட்டகங்கள். பல சட்டகங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட செல்கள் அடுக்கப்பட்டிருந்தன, பல செல்கள் இரண்டு சட்டகங்களுக்கு நின்றன என்பதையும் நினைத்துக்கொண்டால், கையில் இருப்பது எத்தனை பெரிய உழைப்பின் ஒரு துளி என்பது விளங்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவதும் முக்கியமானதும், பின்னணி படத்தில் வந்த பின்னணி அன்று. மரத்தகடு, புள்ளியிட்ட தாள், எளிய நீர்வண்ணக் காட்சி ஆகிய எல்லாமே விற்பனைக்காகப் பிறகு சேர்க்கப்பட்டவை. பின்னணியில் ஒட்டுவதற்காகப் பல செல்களில் உருவத்தின் விளிம்பை ஒட்டியே தாளை வெட்டிவிட்டார்கள்; அப்போது பெக் துளைகளும் (தாளை நகராமல் ஒரே இடத்தில் பொருத்துவதற்கான துளைகள்) வரிசை எண்ணும் போய்விட்டன. எந்தக் காட்சியில் எந்த நொடியில் வந்த செல் என்று உறுதிசெய்ய, படத்தைச் சட்டகம் சட்டகமாக நிறுத்தி ஒப்பிடுவதைத் தவிர வேறு வழியில்லை. திரையில் கண்ட காட்சியை அப்படியே சுவரில் மாட்ட ஆசைப்படுபவர்களுக்கு இது ஏமாற்றம் தரும். மூலப் பின்னணியோடு கூடிய செல்கள் ஏலங்களில் அரிதாகவே வருகின்றன, அவற்றின் விலை சாதாரணச் சேகரிப்பாளரின் எல்லைக்கு அப்பாற்பட்டது. என்னைப் பொறுத்தவரை, அந்த மரத்தகடு க்ரம்பியின் உருவத்தைத் தனித்து எடுத்துக்காட்டுகிறது. 1938-இல் ஒரு கலைக்கூடம் கார்ட்டூனை எப்படிக் கலையாக்கிக் காட்ட முயன்றது என்பதற்கும் அதுவே சாட்சி. ஆதலால் அதை அகற்றிவிட்டுப் புதிய அச்சுப் பின்னணியை வைத்துத் தருவதாகச் சொல்பவர்களின் யோசனையை யாரும் ஏற்க வேண்டாம்.

இரண்டாவது குறை பொருளின் வேதியியலில் இருக்கிறது. இந்தப் படத்தின் செல்கள் செல்லுலோஸ் நைட்ரேட்டால் ஆனவை. காலப்போக்கில் இது மஞ்சளாகிறது, சுருங்குகிறது, அலை அலையாக நெளிகிறது. எளிதில் தீப்பற்றும் தன்மையும் கொண்டது. சிதையும்போது வெளிவரும் வாயு அடைபட்டுக் கிடந்தால் சிதைவு இன்னும் விரைவாகும் என்பதால், காற்றுப் புகாதபடி மூடி வைப்பது நன்மையைவிடத் தீமையே செய்யும். வண்ணத்துக்கோ வேறொரு தொல்லை: காற்று மிக உலர்ந்தால் அது வெடித்து உதிர்கிறது, ஈரம் மிகுந்தால் பிசுபிசுத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொள்கிறது. சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் குளிர்சாதன வசதி இல்லாத அறையில் இதை மாட்டுவது பற்றி நினைக்கவே கூடாது. என்னுடைய செல்லில் க்ரம்பியின் இடது முழங்கைக்கு அருகே லேசான நெளிவு இருக்கிறது. சட்டம் மாற்றுவதற்காக ஒரு கடைக்குக் கொண்டு சென்றபோது, அங்கிருந்தவர் சூடான அழுத்தக் கருவியில் வைத்து அதை நிமிர்த்தித் தருவதாகச் சொன்னார். கேட்ட மாத்திரத்தில் படத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். நைட்ரேட்டின் மேல் சூட்டை வைப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. கலைப்பொருள் பாதுகாப்புக்கான அமெரிக்காவின் கெட்டி (Getty) நிறுவனமும் டிஸ்னியின் அனிமேஷன் ஆய்வு நூலகமும் இணைந்து செல்களின் பிளாஸ்டிக் சிதைவு பற்றியும் வண்ணம் பெயர்வது பற்றியும் ஆய்வு செய்திருக்கின்றன. இத்துறையில் பயிற்சி பெற்ற பாதுகாப்பு வல்லுநர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடையே இடைவெளி, புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி, மங்கலான ஒளி, வெப்பம் தாக்காத சுவர் ஆகியவை கட்டாயம்.

அசல்தானா என்று அறிய, சட்டத்தின் பின்புறத்தில் கூர்வாசியே நிறுவனத்தின் லேபிள் இருக்கிறதா என்றும், பல செல்களில் காணப்படும் 'ஒரிஜினல் டபிள்யூ.டி.பி.' (வால்ட் டிஸ்னி புரொடக்‌ஷன்ஸ் என்பதன் சுருக்கம்) என்ற சிறிய முத்திரை முன்புறத்தில் இருக்கிறதா என்றும் பார்ப்பது வழக்கம். லேபிள் மட்டும் போதாது. ஒரு சட்டத்திலிருந்து கழற்றி இன்னொன்றில் ஒட்டுவது பெரிய வித்தை அன்று. கையால் தீட்டிய கோட்டின் தடிப்பு இடத்துக்கு இடம் மாறும். பின்னாளில் பட்டுத்திரை அச்சு முறையில் வெளியான நினைவுப் பதிப்புகளில் கோடு சீராக இருக்கும். அந்தப் பதிப்புகள் முறையாக விற்கப்பட்டவையே, ஆனால் அவை படத்தில் பங்குபெற்றவை அல்ல.

இந்த இடத்தில்தான் படத்தைப் பற்றிய கதைகளையும் செய்திகளையும் சேகரிப்பது பொருளைச் சேகரிப்பதற்குத் துணை நிற்கிறது. குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை அனிமேட்டர் வார்டு கிம்பல் பென்சிலில் முழுமையாக அனிமேட் செய்து முடித்த பிறகு, கதையின் ஓட்டத்தைத் தடுக்கிறது என்று வால்ட் டிஸ்னி அதை நீக்கிவிட்டார். மையும் வண்ணமும் அதற்குத் தீட்டப்படவே இல்லை. ஆகவே சூப் காட்சியின் அசல் செல் என்று யாராவது விற்க வந்தால், லேபிளைப் புரட்டிப் பார்க்க வேண்டிய தேவைகூட இல்லை. அதே கிம்பல் அனிமேட் செய்த கழுகுகளின் செல் ஒன்று நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகத்தில் இடம்பிடித்தது என்பதும் கூர்வாசியே விற்பனையின் வரலாற்றோடு சேர்ந்ததே. படம் முடியும் முன்பு 'டிஸ்னியின் மடத்தனம்' என்று திரைத்துறையினர் ஏளனம் செய்த ஒரு முயற்சியின் துண்டு, மிகக் குறுகிய காலத்தில் அந்த அருங்காட்சியகத்துக்குள் சென்றது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமகிழ்ச்சி உண்டாகிறது.

அதே காலத்தில் டிஸ்னி பாத்திரங்களைப் பயன்படுத்த உரிமம் வழங்கும் தொழிலை நடத்திய கே கேமன் மூலம் வெளியான பொம்மைகளும் சேகரிப்பாளர்களிடையே விரும்பப்படுகின்றன. சீபர்லிங் நிறுவனத்தின் ரப்பர்க் குள்ளர்கள் பெரும்பாலும் இறுகி விரிசல்விட்ட நிலையில் கிடைக்கிறார்கள். இங்கிலாந்தின் சாட் வேலி துணிப் பொம்மைகளுக்குப் பூச்சிதான் எதிரி. விலை குறைவு என்பதால் தொடங்குவோருக்கு அவை ஏற்றவை. இருந்தாலும், படத்தைப் பார்த்துச் செய்த பொருளுக்கும் படமே அதைப் பார்த்து எடுக்கப்பட்ட பொருளுக்கும் உள்ள தொலைவு பெரிது.

குள்ளர் ஒருவரின் கூர்வாசியே செல் நல்ல நிலையில் இருந்தால் இன்று பல ஆயிரம் டாலர் ஆகும். ஸ்னோ ஒயிட்டின் முகம் தெளிவாக உள்ளதற்கு அதைவிட மிகவும் அதிகம். கொடுக்கும் விலைக்கு இது தகுதியானதா என்றால், தகுதியானதே என்பது என் தீர்ப்பு. முதலீடாக மட்டும் நினைப்பவர்களுக்கு, சிதைந்துகொண்டே போகும் நைட்ரேட்டை நான் பரிந்துரைக்க மாட்டேன். பணம் கட்டும் முன் விற்பவரிடம் சட்டத்தைக் கழற்றிய நிலையில் முன்புறம், பின்புறம் இரண்டின் ஒளிப்படங்களையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அந்தச் செல் எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். வாங்குவதற்கு முன் சான்பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ பகுதியில் 2009-இல் திறக்கப்பட்ட வால்ட் டிஸ்னி குடும்ப அருங்காட்சியகத்துக்கு ஒரு முறை சென்றுவருவதும் நல்லது. ஒரு பெரிய சிலையும் ஏழு சிறிய சிலைகளுமாக, இந்தப் படத்துக்காக 1939-இல் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள் வால்ட் டிஸ்னிக்கு வழங்கிய சிறப்பு ஆஸ்கர் அங்கேதான் இருக்கிறது. இந்தப் படத்தின் உருவாக்கத்துக்கென்று ஒரு பகுதியும் உண்டு. ஏலப் பட்டியலின் ஒளிப்படங்களை மதிப்பிடுவதற்கு, மூலப் பொருள்களை நேரில் பார்த்துப் பழகிய கண் வேண்டும்.