பூனையின் நகக் கூடு உதிர்ந்தால் கால்சியம் டானிக் வாங்காதீங்க

கோவைப் பக்கம் பூனை வளர்ப்பவர்கள் கவனத்துக்கு. பெட் ஷாப்பில் நகம் வெட்டக் கொடுத்த பூனையின் கூண்டில் கிடந்த ஒரு நகக் கூட்டை எடுத்துக் காட்டி, "நகம் கழண்டு விழுதுங்க, கால்சியம் சுத்தமா இல்லீங்க, இப்படியே உட்டா எல்லாம் போயிருமுங்க" என்றார்கள். கால்சியம் டானிக், பூஞ்சைப் பவுடர், நகத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் தொப்பி என்று 2,350 ரூபாய்க்கு பில். பணத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. முன்னங்காலில் மூன்று நகத்தைச் சதையோடு வெட்டி, நிற்காத ரத்தத்தின் மேல் கிருமிநாசினியைத் தடவி அனுப்பிவிட்டார்கள். எப்போதும் வெட்டியே ஆக வேண்டிய கட்டைவிரல் நகம் இரண்டையும் தொடவே இல்லை.

உதிர்ந்தது நகமே இல்லை, அதன் மேலுறை. வாழை மரத்தில் வெளிமட்டை காய்ந்து உரிய உரிய உள்ளே பச்சை மட்டை தெரிகிறதே, பூனை நகமும் அப்படித்தான் அடுக்கடுக்காக வளர்கிறது. ஒவ்வொரு நகமும் சுமார் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை மேலுறையைக் கழற்றும். முன்னங்காலுக்கு 5, பின்னங்காலுக்கு 4 என மொத்தம் 18 நகம் என்பதால், வீட்டைக் கூட்டும்போது அடிக்கடி ஒன்று கிடைப்பது சகஜம். முன்னங்கால் உறை, பூனை எதையாவது பிறாண்டும்போது கழலும். பின்னங்கால் உறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றிக்கொள்ளும்.

கிடைத்த கூட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பிறை மாதிரி வளைந்து, உள்ளே காலியாக, வெளிச்சம் ஊடுருவும்படி இருக்கும். ரத்தமோ நாற்றமோ இருக்காது. பூனையின் விரலை அழுத்திப் பார்த்தால் அதே இடத்தில் பளபளப்பாக ஒரு கூர்நகம் நிற்கும். இவ்வளவும் சரியாக இருந்தால் ஒரு ரூபாய்கூடச் செலவு வேண்டாம்.

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. வெறும் கறி மட்டும் தின்று வளரும் குட்டிக்குக் கால்சியம் குறையத்தான் செய்யும். ஆனால் அது எலும்பில் தெரியும், நகம் உரிவதில் தெரியாது. முழுமையான பூனைத் தீனி தின்னும் பூனைக்கு டானிக் தேவையே இல்லை. வளரும் குட்டிக்கும் சிறுநீரகம் கெட்ட பூனைக்கும் கூடுதல் கால்சியம் கெடுதல்.

உண்மையான நகக் கோளாறு வேறு மாதிரி இருக்கும். ஒரு விரல் மட்டும் வீங்கி, நகம் வேரோடு வந்தால் அடிபட்டிருக்கலாம், சீழ் பிடித்திருக்கலாம். பல விரல்களில் நக அடியில் தயிர்த் திப்பி போல அழுக்குக் கட்டினால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தோலைத் தாக்கும் நோயாக இருக்கலாம். நகம் நொறுங்கி, பக்கத்தில் வட்ட வட்டமாக முடியும் கொட்டினால் படர்தாமரையைச் சந்தேகிக்கணும். அது குழந்தைகளுக்கும் தொற்றும். முடியை எடுத்துச் சோதிக்காமல் பூஞ்சைப் பவுடர் விற்பது கண்ணைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பதுதான். 10 வயது தாண்டிய பூனை டைல்ஸில் நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் நகம் தடித்து உள்ளே மடங்காமல் நிற்கிறது என்று அர்த்தம். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இப்படி ஆகும், ரத்தப் பரிசோதனை கேளுங்கள். வயதான பூனைக்குப் பல விரல் வீங்கினால் நெஞ்சு எக்ஸ்ரேவும் எடுக்கணும். நுரையீரல் கட்டி விரலுக்குப் பரவுவது பூனைகளில் உண்டு.

இனி வெட்டுவது. பெரும்பாலான பூனைகளின் நகம் கண்ணாடி மாதிரி இருப்பதால் உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரியும். அதில் ரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. உங்கள் பெருவிரலைப் பூனை விரலுக்கு மேலேயும் ஆள்காட்டி விரலைக் கீழே பாதத்தின் மெத்தையிலும் வைத்து மெதுவாக அழுத்தினால் நகம் வெளியே வரும். பின்னால் போன் டார்ச்சைப் பிடித்து, சதைக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே வெட்டுங்கள். கட்டர் கூராக இருக்கணும். மொண்ணைக் கட்டர் நகத்தை நசுக்கிப் பிளக்கும், பூனை காலை இழுக்கும், அந்த இழுப்பில்தான் சதையில் வெட்டு விழுகிறது. ஒரே மூச்சில் 18-ஐயும் முடிக்க வேண்டாம், இன்றைக்கு நாலு போதும். முன்னங்காலின் உள்பக்கம் இருக்கும் கட்டைவிரல் நகம் தரையில் படாது, தேயாது. விட்டுவிட்டால் வளைந்து மெத்தைக்குள்ளேயே குத்தும், வயதான பூனைகளில் இது அதிகம். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒரு முறை வெட்டலாம். தோட்டத்தில் திரியும் பூனைக்கு வெட்டாதீர்கள், நாய் துரத்தினால் மரம் ஏற அந்த நகம்தான் வேணும்.

சதை வெட்டுப்பட்டால் சோள மாவை (கார்ன்ஃப்ளோர்) ஒரு சிட்டிகை எடுத்து நகநுனியில் வைத்து, ஐந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். துடைத்துத் துடைத்துப் பார்த்தால் உறைந்த ரத்தம் திரும்ப உடையும். தண்ணீரில் விட்டால் பாலாக வெளுக்கும் கிருமிநாசினி பூனைக்கு விஷம், தேயிலை மர எண்ணெயும் அப்படியே. காலை நக்கி எல்லாவற்றையும் விழுங்கிவிடும், அதை முறிக்கும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. வலிக்கிறதே என்று பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள், அரை மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

பிளாஸ்டிக் தொப்பி பசையால் ஒட்டுவது. உறை கழலும்போது அதோடு சேர்ந்து விழும். அளவு தப்பினாலோ, பசை தோல் ஓரத்தில் பட்டாலோ புண்ணாகும். நகத்தையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் பூனையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். அது ஒவ்வொரு விரலின் கடைசி எலும்பையும் வெட்டி எடுக்கும் அறுவை.

உறை ஒழுங்காகக் கழல, பிறாண்ட ஓர் இடம் கொடுத்தால் போதும். பொள்ளாச்சிப் பக்கம் தாராளமாகக் கிடைக்கும் சாயம் போடாத தேங்காய் நார்க் கயிற்றை, பூனை நிமிர்ந்து உடம்பை நீட்டும் உயரத்துக்கு, சுமார் 80 சென்டிமீட்டர் கட்டையில் நெருக்கமாகச் சுற்றுங்கள். அடிப்பலகை அகலமாக இருக்கட்டும். ஒரு தடவை ஆடிச் சாய்ந்தால் பூனை அதைத் திரும்பிப் பார்க்காது, சோபாவுக்குப் போய்விடும்.

ஏற்கெனவே சதை வெட்டுப்பட்ட பூனை வீட்டில் இருந்தால், மூன்று நாளைக்கு மலத் தொட்டியில் மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாள் போடுங்கள், புண்ணில் மணல் ஒட்டாது. அதன் பிறகும் நொண்டினாலோ விடாமல் நக்கினாலோ, பக்கத்து அரசு கால்நடை மருத்துவமனைக்கோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு போங்கள். கடையில் கொடுத்த பில்லையும் டானிக் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போனால், உள்ளே என்ன போயிருக்கிறது என்று டாக்டருக்கு உடனே தெரியும்.