பால்கட்டை உருவி எடுக்க வீட்டுக்கு ஆள் அழைப்போர் கவனத்திற்கு

தலைப்பிரசவத்துக்காகக் காவேரிப்பட்டினத்துக்கு அருகிலுள்ள அம்மா வீட்டில் இருந்தேன். குழந்தை பிறந்த 23ஆம் நாள் காலையில், இடது மார்பில் அக்குளை ஒட்டி, புளியங்கொட்டையைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டது. முந்தைய இரவு குழந்தை வழக்கத்துக்கு மாறாக ஐந்து மணி நேரம் பால் குடிக்காமல் தொடர்ந்து உறங்கியிருந்தாள். பால் தேங்கி இப்படிக் கட்டுவதைத்தான் பால்கட்டு என்பார்கள். காய்ச்சல் இல்லை. அன்று சும்மா விட்டிருந்தாலே போதும் என்பது இப்போது தெரிகிறது.

உறவினர் ஒருவர் அனுப்பிய எண்ணை அழைத்தோம். கிருஷ்ணகிரியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த அந்தப் பெண்மணியின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அவர் நீட்டிய அட்டையில் ‘பாலூட்டல் ஆலோசகர்’ என்று அச்சிட்டிருந்தது. எங்கே படித்தீர்கள் என்று அம்மா கேட்டதற்கு, இருபது வருட அனுபவம் என்றுதான் பதில் வந்தது. மூன்று நாள் உருவிவிட 3,600 ரூபாயும் எண்ணெய்க்குத் தனியாக 650 ரூபாயும் முன்பணமாக வாங்கிக்கொண்டார். ரசீது தரவில்லை.

கட்டைவிரல்களை ஊன்றி அரைமணி நேரத்துக்கு மேல் அழுத்தினார். பிறகு சீப்பின் முதுகால் கட்டியின் மேல் வாரினார். நான் அழுதபோது, “வலிச்சாத்தான் கண்ணு, கட்டு உடையும்” என்றார். முடிவில் தம் கையிலிருந்த வெள்ளைத் துணியை விரித்து, அரிசி அளவில் மெழுகுபோல் ஒட்டியிருந்த துணுக்கைக் காட்டி, இதுதான் அடைப்பு என்று சொல்லிக் கைபேசியில் படமும் எடுத்துக்கொண்டார். மறுநாளும் அதே அளவில், அதே வடிவில் ஒரு துணுக்கு வந்தபோதாவது நான் யோசித்திருக்க வேண்டும். அதற்குள் தோல் கன்றி நீலம் பாரித்திருந்தது. எண்ணெயின் கற்பூர நெடி தாங்காமல் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மூன்றாம் நாள் விடியலில் குளிர் நடுக்கத்துடன் 102 டிகிரி காய்ச்சல் வந்தது. அந்தப் பெண்மணியைத் தொலைபேசியில் கேட்டால், சுடு உப்பு ஒத்தடம் கொடுங்கள், அந்தப் பக்கம் பால் கொடுக்காமல் புட்டிப்பால் கொடுங்கள் என்றார். என் கணவர் அதைக் கேட்காமல் என்னை நேராக அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

ஸ்கேனில் சீழ் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. பால் குழாய்கள் நூல்போல மெல்லியவை, ஒன்றோடொன்று பின்னியவை. சுற்றியுள்ள சதை வீங்கி அவற்றை நெருக்குவதால்தான் பால் தடைபடுகிறதே தவிர, பிதுக்கி எடுக்கக் கல்லோ மெழுகோ உள்ளே இல்லை, பலமாக அழுத்தினால் வீக்கம்தான் கூடும் என்று மருத்துவர் விளக்கினார். பாலூட்டல் மருத்துவ அகாடமி (Academy of Breastfeeding Medicine) என்ற சர்வதேச மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஆழமாக அழுத்திப் பிசைவதைத் தவிர்க்கச் சொல்கிறது என்பதைப் பின்னர் படித்தேன். எனக்கு ஆன்டிபயாட்டிக்கும், வலியும் வீக்கமும் குறைய ஐபுபுரூஃபெனும் எழுதிக் கொடுத்தார்கள். ஒத்தடம் குளிர்ந்த துணியால் போதும், தடவுவதானால் ஆறிய பாலின் ஆடையை விரலால் ஒதுக்கும் அளவுக்கு மேல் அழுத்தம் கூடாது என்றார்கள். அந்தப் பாலால் குழந்தைக்குக் கெடுதல் இல்லை. அவள் கேட்கும்போதெல்லாம் கொடுக்கலாம், ஆனால் மார்பைக் காலி செய்வதாக எண்ணிக் கூடுதலாகக் கறந்தால் சுரப்பு கூடி வீக்கமும் கூடும் என்று செவிலியர் இரண்டு முறை சொன்னார். இதற்கெல்லாம் எங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கவில்லை. எங்கள் ஊர் கிராம சுகாதாரச் செவிலியரிடம் முதல் நாளே கேட்டிருந்தால், அவர் நேராக இங்கேதான் அனுப்பியிருப்பார்.

வீட்டுக்கு வந்தபின் மீதமிருந்த எண்ணெய்ப் புட்டியைக் கணவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மார்கழிக் குளிரில் அடியில் உறைந்திருந்த வெள்ளைத் துணுக்குகள், துணியில் காட்டப்பட்டவற்றையே உரித்து வைத்திருந்தன.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் அந்தப் பெண்மணி எங்கள் எண்ணை முடக்கிவிட்டார். சென்ற வாரம் தோழி ஒருத்தி, அவருடைய வாட்ஸாப் ஸ்டேட்டஸில் வந்த படத்தை எனக்கு அனுப்பினாள். ‘இரண்டே நாளில் பால்கட்டு கரைந்தது’ என்ற வரிக்கு மேலே அந்த வெள்ளைத் துணி. அதன் ஓரத்தில் தெரிந்தது, என் அம்மா வீட்டுக் கட்டிலில் விரித்திருந்த மயில் போட்ட போர்வை.