பழைய வீட்டில் ஏசி: குளிர்ச்சியில் குறையில்லை, கோபமெல்லாம் குழாயில்

தேவகோட்டை நண்பர் ஒருவர் போன் செய்தார். 2025 செப்டம்பரில் ஏசிக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆக இறங்கியதில் இருந்தே அவருக்கு ஆசை. "உங்களுதும் எங்களது மாதிரி பழைய வீடுதானே, மாட்டலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார். எங்கள் ஏசிக்கு ரிப்பேர் முடிந்த சூடு எனக்கு இன்னும் ஆறவில்லை. ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. செட்டிநாட்டில் காரைக்குடி, பள்ளத்தூர், கானாடுகாத்தான் பக்கம் பழைய வீட்டோடு இருக்கிற எல்லோருக்கும் இது உதவும் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது 1.5 டன், 5 ஸ்டார், இன்வெர்ட்டர் (தேவைக்குத் தகுந்தபடி கம்ப்ரஸர் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வகை), குளிர வைக்க உள்ளே ஓடுவது ஆர்-32 கேஸ். கம்பெனி எது என்பது இங்கே முக்கியமில்லை, மெஷின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய ஓர் அறையில், அப்பத்தா படுப்பதற்காக மாட்டினோம். 14 அடி உயரக் கூரை, இரண்டடிக்குக் குறையாத சுவர், கீழே ஆத்தங்குடிக் கல்.

மாட்டும்போது ஊரே சொன்னது, "இவ்வளவு உயரக் கூரைக்கு 2 டன் போட்டாலும் பத்தாது" என்று. அது சரியில்லை. 12-க்கு 14 அறையில் 14 அடி உயரத்துக்கு நிற்கிற காற்றின் எடை மொத்தமே சுமார் 80 கிலோதான். 1.5 டன் ஏசிக்கு அந்தக் காற்றை மட்டும் குளிர வைக்கச் சில நிமிஷம் போதும். நேரம் எடுப்பது சுவர். சித்திரை வெயிலைப் பகல் முழுக்கக் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கக் கக்குகிற சுவர் அது. முதல் நாள் ராத்திரி ஏசி போட்டால் அறை பதமாக நள்ளிரவு ஆகிவிடும். அதைப் பார்த்துவிட்டு "ஏசி சரியில்லை" என்று சொல்லக் கூடாது. தொடர்ந்து நாலைந்து ராத்திரி ஓடட்டும், சுவரே குளிர ஆரம்பிக்கும். அதற்கப்புறம் நடப்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை. காலையில் அணைத்துவிட்டுக் கதவைச் சாத்தி வைத்தால், பதினோரு மணி வரைக்கும் உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் "ஏசி ஓடுதா?" என்று கேட்பார்கள். செங்கலும் சுண்ணாம்பும் வாங்கி வைத்த குளிரை அவ்வளவு நேரம் விடுவதில்லை. புதுக் காங்கிரீட் வீட்டில் இருக்கும் என் தங்கைக்கு இந்தப் பாக்கியம் கிடையாது, அணைத்த அரை மணியில் மொட்டை மாடிச் சூடு இறங்கிவிடும்.

சுவர் குளிர்ந்திருப்பதால் 27-ல் வைத்து, மேலே ஃபேனை மெதுவாக ஓட விட்டாலே தூங்க முடிகிறது. 2020 ஜனவரியில் இருந்து ஸ்டார் லேபிள் ஏசியெல்லாம் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. ஒவ்வொரு டிகிரி ஏற்றும்போதும் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது மத்திய அரசின் எரிசக்தி திறன் பணியகம் சொல்லும் கணக்கு. எங்களுக்கு 24 தேவைப்பட்டதே இல்லை. ஒன்று மட்டும் கட்டாயம் செய்ய வேண்டியிருந்தது. கதவுக்கு மேலே நம் வீடுகளில் கம்பி போட்டுத் திறந்தே கிடக்குமே வென்டிலேட்டர், அதற்கு உள்பக்கம் கண்ணாடி போட்டு அடைத்தோம். அந்தக் காலத்தில் சூடான காற்று மேலே ஏறி வெளியே போக வைத்த வழி அது, ரொம்ப யோசித்துச் செய்த வேலை. ஏசி ஓடும்போது அதே வழியில் காசு போகும்.

ஸ்டார் லேபிளைப் பற்றி இரண்டு வரி. அதில் போட்டிருக்கும் வருஷ யூனிட், 1600 மணி நேரம் ஓடினால் என்ற கணக்கு. தினம் 8 மணி நேரம், 200 நாள். நம் ஊருக்கு இது பொருத்தமான கணக்குதான். இன்னொன்று, ஸ்டார் அட்டவணையை அவ்வப்போது இறுக்குகிறார்கள். 2022 ஜூலையில் அப்படித்தான் பழைய 5 ஸ்டார் 4 ஸ்டார் ஆனது. பழைய சரக்கைத் தள்ளுபடியில் தருகிறேன் என்றால் லேபிளில் எந்த வருஷம் என்று பார்க்கவும்.

இனி குழாய்க்கு வருகிறேன்.

அறையின் வெளிச்சுவருக்கு அந்தப்பக்கம் சந்து, அது பங்காளிக்கும் பாத்தியப்பட்டது. அவுட்டோர் யூனிட்டின் சூடும் சத்தமும் அவர்கள் ஜன்னலுக்கு நேரே போகும். முகப்பில் மாட்டினால் வீட்டின் முகமே போய்விடும். அதனால் இரண்டாம் கட்டை (வளவுக்குப் பின்னால் இருக்கும் பகுதியை) தாண்டிப் பின்வாசலில் வைத்தோம். சுண்ணாம்போடு முட்டை வெள்ளை சேர்த்து இழைத்த சுவரில் துளை போட மனம் வரவில்லை, வென்டிலேட்டர் கண்ணாடியில் ஒன்றை எடுத்துவிட்டுப் பலகை போட்டு, அதன் வழியே குழாயை வெளியே கொண்டுபோனோம். ஆக, 40 அடி ஓட்டம். ஏசியோடு வருவது 3 மீட்டர் செம்புக் குழாய். அது பத்தாது என்பதால், 40 அடிக்கும் ஒரே நீளமாக, நடுவில் ஒட்டு இல்லாமல் போடச் சொன்னேன். தலையை ஆட்டினார்கள். வேலையைச் சீசன் நடுவில், ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டுப் போனார்கள்.

முதல் கோடை அருமை. அடுத்த கோடையில் அப்பத்தாதான் முதலில் சொன்னது: "முன்னெல்லாம் விடியக்காலம் போர்வையைத் தேடுவேன். இப்பத் தேடறதில்லை." நாங்கள் வெயில் அதிகம் என்று விட்டுவிட்டோம். அதற்குப் பிறகு கரண்டு பில் வந்தது.

இன்வெர்ட்டர் ஏசியில் எனக்குப் பிடிக்காத குணம் இதுதான். பழைய ஏசியில் கேஸ் குறைந்தால் குளிராது, உடனே தெரிந்துவிடும். இன்வெர்ட்டர், கேஸ் குறைந்ததைக் காட்டாமல் கம்ப்ரஸரை வேகமாக ஓட்டிச் சமாளிக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு மெல்ல முனக வேண்டிய அவுட்டோர் யூனிட் முழு மூச்சில் ஓடும். அது எங்கேயோ பின்வாசலில் இருக்கிறது, யார் காதில் விழும்? முழு வேகத்தில் ஒன்றரை கிலோவாட் பக்கம் இழுக்கும், நிதானத்துக்கு வந்துவிட்டால் அதில் மூன்றில் ஒரு பங்குகூட இழுக்காது. நமக்கோ ரீடிங் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் ஆரம்ப யூனிட்களுக்கு இருக்கும் சலுகை விலையும் கைவிட்டுப் போகும். கேஸ் கசிந்த தண்டனை அங்கேதான் விழுகிறது.

மெக்கானிக் வந்தார். அழுத்தம் பார்க்கும் கேஜை மாட்டிப் பார்த்துவிட்டு, ஆத்தாவிடம் "கேஸ் குறைஞ்சிருக்கு ஆச்சி, ஏத்திடலாம்" என்றார். ஏற்றினார், காசு வாங்கினார், போனார். குளிர்ந்தது. மறு வருஷம் அதே கதை. வேறு ஆளைக் கூப்பிட்டோம். அவர் "கேஸ்னா குறையத்தான்ணே செய்யும், வருஷா வருஷம் ஏத்தணும்" என்றார்.

இந்தப் பேச்சுக்குத்தான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. ஏசி கேஸ் வண்டிப் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் ஆவியாகி, திரவமாகி, மறுபடி ஆவியாகிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. குறைந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம், வேறு அர்த்தமே கிடையாது. வீட்டு ஃபிரிட்ஜ் வருஷக்கணக்காக ஓடுகிறதே, அதற்கு யார் வருஷா வருஷம் கேஸ் ஏற்றுகிறார்கள்? ஓட்டையைத் தேடாமல் கேஸ் ஏற்றுவது வைத்தியமே இல்லை. அதுவும் ஆர்-32 ஒரு கிலோ வெளியே போனால் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடு விட்டதற்குச் சமம். அடுத்த கோடையை இன்னும் சூடாக்கத்தான் நாம் காசு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக வந்தவர் ஐடிஐ படித்த சின்னப் பையன். கேஜை எடுக்கும் முன் குழாய் போகிற வழி முழுக்க ஏணி வைத்து நடந்தார். இரண்டாம் கட்டு உத்தரத்துக்குக் கீழே, வெள்ளை டேப்பில் உள்ளங்கை அளவு கறுப்பாக ஒரு படை. விரலால் தொட்டுக் காட்டினார், எண்ணெய்ப் பிசுக்கு. கம்ப்ரஸர் எண்ணெய் கேஸோடு சேர்ந்தே சுற்றும், கசிகிற இடத்தில் அதுவும் வெளியே வந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும் என்றார். டேப்பை அறுத்துக் கறுப்பு ஃபோமைப் பிரித்ததும் உள்ளே இரண்டு குழாயை இணைக்கும் பித்தளை யூனியன். ஒட்டே வேண்டாம் என்று சொன்ன இடத்தில் ஓர் ஒட்டு. சோப்பு நுரையைத் தடவினார். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு நட்டின் ஓரத்தில் கடுகளவு குமிழி ஒன்று எழும்பி, உடையாமல் பெருத்துக்கொண்டே வந்தது.

மாட்டியவர்கள் பக்கமும் யோசித்துப் பார்த்தேன். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள், கூலி எவ்வளவு என்று தெரியும். பழைய ஆர்-22 கேஸைவிட ஆர்-32 ஒன்றரை மடங்குக்கும் மேல் அழுத்தத்தில் ஓடுகிறது. கை அளவில் முறுக்கிய நட்டு அன்றைக்குத் தாங்கியது, இன்றைக்குத் தாங்காது. அதைச் சொல்லிக்கொடுக்காமல் வேலைக்கு அனுப்புகிறவர்கள் மேலும் குற்றம் உண்டு. ஆனால் ஒட்டு போட்டதைச் சொல்லாமல் டேப் சுற்றி மறைத்தது வேலை நெருக்கடியால் வந்த தவறில்லை. அதை நான் மன்னிக்கவில்லை.

அந்தப் பையன் இருந்த கேஸைச் சிலிண்டருக்குள் இழுத்துக்கொண்டார். ஆர்-32 தீப்பிடிக்கக் கூடியது, உள்ளே வைத்துக்கொண்டு நெருப்புக் காட்டக் கூடாது. யூனியனை வெட்டி எடுத்து, மேலே பர்மா தேக்கு உத்தரத்துக்கு ஈரச் சாக்கு கட்டிவிட்டு, நெருப்பு வைத்து உலோகத்தை உருக்கி ஒட்டும் பிரேசிங் வைத்தார். இன்னும் கசிகிறதா என்று பார்க்க நைட்ரஜன் ஏற்றிக் கேஜை அப்படியே ராத்திரி முழுக்க விட்டுவிட்டுப் போனார். காலையில் முள் அசையாமல் நின்றது. வேக்குவம் பம்ப் போட்டுக் குழாயில் காற்றும் ஈரமும் இல்லாமல் இழுத்தார். அவுட்டோர் யூனிட் தகட்டில் எழுதியிருக்கும் கேஸ் எடையோடு, அதிகப்படி நீளத்துக்குக் கையேடு சொல்லும் கிராமையும் சேர்த்து, தராசில் வைத்து நிரப்பினார். முன்னால் வந்தவர்கள் யாரும் தராசே கொண்டுவரவில்லை.

இப்போது அறை பழையபடி. அப்பத்தா விடியக்காலம் போர்வை கேட்கிறது. நம் சுவரும் தரையும் ஏசிக்கு இவ்வளவு ஒத்துழைக்கும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். சரி, நண்பருக்கு என்ன சொன்னேன்? இந்தக் கோடைக்கு வாங்காதீர்கள் என்றேன். விலை குறைந்ததெல்லாம் இருக்கட்டும். பங்காளிகளோடு உட்கார்ந்து பேசி, அவுட்டோர் யூனிட்டை அறைக்குப் பக்கத்திலேயே வைக்க ஓர் இடம் முடிவாகாமல் ஏசியை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். இன்னும் ஆறு மாதம் கழித்துக் கேட்டால் என் பதில் மாறலாம். இன்றைக்கு இதுதான்.

அப்படியும் நீண்ட குழாய்தான் வழி என்றால், குழாய்ச் சுருளைக் கண்ணெதிரே பிரிக்கச் சொல்லுங்கள். டேப் சுற்றும் முன் முழு நீளத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். நைட்ரஜன் ஏற்றி ஒரு ராத்திரி விட்டுவிட்டு மறுநாள் வர மாட்டேன் என்கிற ஆளுக்கு மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள்.