நாலு வருஷமாக முனகும் லைன் சோக்

போன செவ்வாய்க்கிழமை மில்லில் ஈரப்பதம் ஏற்றும் ஹியுமிடிஃபிகேஷன் ஃபேனின் ட்ரைவ் (மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) 'இன்புட் ஃபேஸ் லாஸ்', அதாவது உள்ளே ஒரு ஃபேஸ் வரவில்லை என்று காட்டி நின்றுவிட்டது. ஈபி சப்ளையில் மூன்று ஃபேஸும் இருக்கிறது, ஃபியூஸும் சரி. பேனலுக்கு அடியில் குனிந்து பார்த்தால் லைன் சோக்கில் (ட்ரைவுக்கு முன்னால் சப்ளை வழியில் மாட்டும் காயில்) ஆர் ஃபேஸ் லக், அதாவது கம்பி முனையின் இணைப்பு, கருகிக் கிடக்கிறது. ட்ரைவைக் காப்பாற்ற வாங்கின சாமான் ட்ரைவையே நிறுத்தியிருக்கிறது! அன்று சாயந்தரம் பார்த்து மச்சான் போன் பண்ணுகிறான்: "கம்ப்ரசருக்கு 7.5 கிலோவாட் ட்ரைவ் வாங்கறேன், டீலர் ஃபில்டரும் சேர்த்துப் போடச் சொல்றான். வேணுமாடா?" கேட்ட நேரம் சரியில்லை.

பல்லடம் பக்கம் ஒரு ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூல் மில்லில் எலெக்ட்ரிகல் பார்க்கிறேன். 500 கேவிஏ டிரான்ஸ்ஃபார்மர், 22 கிலோவாட் ட்ரைவ். ஆரம்பத்தில் சோக் இல்லை. தினமும் காலையில் லோடு ஏறும் நேரத்தில் 'ஓவர் வோல்டேஜ்' ட்ரிப். ஈபி மேல் பழி போட்டே ஆறு மாதம் ஓடிற்று. ட்ரைவுக்குள் ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் டையோடு இரண்டாவது தடவை போன பிறகுதான் கவனித்தேன்: பவர் ஃபேக்டரைத் தானாகச் சரிசெய்யும் ஏபிஎஃப்சி பேனலில் பெரிய கெபாசிட்டர் பேங்க் 'டக்' என்று உள்ளே வரும்போதெல்லாம் ட்ரைவ் படுத்துக்கொள்கிறது. 3 சதவீத லைன் சோக் மாட்டினேன். அதற்கப்புறம் அந்த ட்ரிப்பும் இல்லை, டையோடும் போகவில்லை. நாலு வருஷம். இதை மறைத்துப் பேசினால் பாவம்.

ஆனால் அந்தச் சத்தம் இருக்கிறதே! முதல் மாதம் மெல்லிய ரீங்காரம். இரண்டாவது கோடையில் ஆள் முனகுவது போல. கோர் போல்ட்டை இறுக்கினேன், அடியில் ரப்பர் வைத்தேன், ஒரு தடவை வார்னிஷ் கூட ஊற்றினேன். இரண்டு வாரம் அடங்கும், மறுபடி தொடங்கும். சுவருக்கு அந்தப் பக்கம் என் மேஜை. ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படுத்திருந்தாலும் காதுக்குள் அது ஓடும். போதாததற்கு 'காப்பர் சார்' என்று சொல்லி விற்றது உள்ளே அலுமினியம். அதிர்வில் நட்டு தளர்ந்து, லக் சூடாகி, செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது.

மச்சானுக்குச் சொன்னது இதுதான். டிரான்ஸ்ஃபார்மர் கேவிஏ, ட்ரைவ் கேவிஏவைப் போல் பத்து மடங்குக்கு மேல் இருந்தால் சோக் போடு. பக்கத்திலேயே கெபாசிட்டர் பேங்க் ஏறி இறங்கினால் கணக்கே பார்க்காமல் போடு. எங்களிடம் இரண்டும் இருந்தது. அவனுக்குக் கம்பத்து டிரான்ஸ்ஃபார்மர் 100 கேவிஏ, அதுவும் தெருக்கோடியில். அத்தனை நீளக் கம்பியே பாதி சோக். அவசரமில்லை. ஆனால் மோட்டாரோடு கட்டியிருக்கும் பழைய கெபாசிட்டரை முதலில் கழற்று, ட்ரைவ் அவுட்புட்டில் அது இருந்தால் உள்ளே ஸ்விட்ச் வேலை பார்க்கும் ஐஜிபிடி போய்விடும் என்றேன். டீலர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லையாம்.

டீலர் சொன்ன 'ஃபில்டர்' சோக் இல்லை, மின்காந்த இரைச்சலைத் தடுக்கும் இஎம்ஐ ஃபில்டர் என்பது அப்புறம்தான் தெரிந்தது. இரண்டும் வேறு வேலை. சோக், 50 ஹெர்ட்ஸ் சப்ளையின் மடங்குகளாக வரும் 250, 350 ஹெர்ட்ஸ் ஹார்மோனிக்ஸைக் குறைக்கும், திடீர் எழுச்சியைத் தாங்கும். இஎம்ஐ ஃபில்டர் 150 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே போகும் இரைச்சலுக்கு. அதன் கெபாசிட்டர்கள் எர்த்துக்குக் கொஞ்சம் கரண்டைக் கசியவிடும். 30 மில்லிஆம்ப் ஈஎல்சிபி (எர்த் கசிவு வந்தால் சப்ளையை வெட்டும் ஸ்விட்ச்) இருந்தால் வீணாக விழும். வெப்பநிலை பார்க்கும் எங்கள் பிடி-100 சென்சார் ரீடிங் குதித்தபோது நானும் ஒன்றுக்கு விலை கேட்டேன். கடைசியில் பார்த்தால் ட்ரைவுக்குள்ளேயே ஒன்று இருக்கிறது; எனக்கு முன்னால் இருந்தவர் ஈஎல்சிபி தொல்லைக்காக அதன் எர்த் ஸ்க்ரூவைக் கழற்றி வைத்திருக்கிறார். ஸ்க்ரூவை மாட்டி, ஈஎல்சிபியை 300 மில்லிஆம்புக்கு மாற்றி, மோட்டார் கேபிளை ஷீல்டு கேபிளாக்கி இரண்டு முனையும் எர்த் செய்தேன். ரீடிங் குதிப்பது நின்றது. அந்தத் திருப்தி சோக் ஒரு நாளும் தரவில்லை.

மறுபடி வாங்குவேனா? அடுத்த ட்ரைவ் டிசி சோக் உள்ளேயே வைத்ததாக எடுக்கப் போகிறேன். அது டையோடுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது, கெபாசிட்டர் ஏறும்போது டையோடுக்கு முன்னால் காவல் இருக்காது என்பதெல்லாம் தெரியும். மச்சானும் அதையேதான் கேட்டான். தெரியும்டா, எனக்குத் தூங்கணும் என்றேன்.