காட்டாவோடு 12 வருடம்

சாஃப்ட்வேர் சப்போர்ட் வேலைக்கு வந்து 12 வருடம் ஆகிறது. பள்ளிக்கூட ஆங்கிலத்தில் படித்த மஸ்ட், ஷுட் இரண்டையும் கட்டி வைத்துவிட்டு, அமெரிக்க கிளையன்ட்கள் வாயில் வரும் காட்டா, கெட் டு, சப்போஸ்டு டு வகையறாக்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறேன்.

அதிகம் காலை வாரியது காட்டாதான். 'ஐ ஹேவ் காட் டு கோ' பேச்சில் தேய்ந்து 'ஐ காட்டா கோ' ஆகிவிடும். போயே ஆகணும் என்று அர்த்தம். ஆனால் 'கெட் டு'வின் இறந்தகாலமும் 'காட் டு'தான். அதற்கு வாய்ப்புக் கிடைத்தது என்று பொருள். கடமையும் கொடுப்பினையும் காதுக்கு ஏறக்குறைய ஒரே சத்தம். நடுவிலுள்ள 'ஹேவ்'தான் அடையாளம், அவர்கள் முதலில் விழுங்குவதும் அதைத்தான்.

சேர்ந்த புதிதில் ஒரு கிளையன்ட் போனை வைக்கும் அவசரத்தில், 'ஐ காட் டு டாக் டு யுவர் டெஸ்டர்' என்றார். பேசியாகணும் போல என்று நினைத்து, டெஸ்டர் தம்பியை ராத்திரி பத்து மணி வரை உட்கார வைத்தேன். லைனுக்கு வந்தவர், "நேத்தே பேசிட்டோமே, நல்ல பையன்" என்கிறார். தம்பி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

அதற்காக 'கெட் டு'வை வெறுக்க முடியாது. 'யூ கெட் டு வொர்க் ஃப்ரம் ஹோம்' என்றால் நம் ஊர் "உனக்கென்னப்பா, கொடுத்து வச்சவன்" அப்படியே வந்துவிடுகிறது. 'ஐ டிட்ன்ட் கெட் டு இட்' இன்னும் சௌகரியம். நான் செய்யவில்லை என்று ஒப்புக்கொண்ட மாதிரி இல்லை, அதற்கு நேரம் வாய்க்கவில்லை, அவ்வளவுதான். திங்கட்கிழமை மீட்டிங்குகளில் இது இல்லாமல் எனக்குப் பிழைப்பில்லை.

'வாஸ் சப்போஸ்டு டு' பழக நாளாகவில்லை. "நேத்தே முடிஞ்சிருக்க வேண்டியது" என்று நாம் சொல்லும்போதே முடியவில்லை என்பது தெரிகிறதல்லவா, அதே ஜாடை.

வேண்டாம் என்ற சொல்தான் சிக்கல். 'டோன்ட் ஹேவ் டு' என்றால் அவசியமில்லை. 'மஸ்ட்ன்ட்' என்றால் கூடாது. தமிழில் இரண்டுக்கும் வேண்டாம்தான். சர்வரை ரீஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று மனசுக்குள் தமிழில் நினைத்து, 'யூ டோன்ட் ஹேவ் டு ரீஸ்டார்ட்' என்று ஒரு கிளையன்டுக்கு எழுதினேன். அவசியமில்லைதான், செய்தால் தப்பில்லையே என்று அவர் ரீஸ்டார்ட் பண்ணிவிட்டார். இரண்டு மணி நேர வேலை போச்சு.

அப்புறம் பெட்டர். செக் பண்ணிக்கிறது பெட்டர் என்று தமிழில் நாம் சொன்னால் அது அக்கறை. 'யூ பெட்டர் செக்' என்று அப்படியே ஆங்கிலத்தில் எழுதினால், செக் பண்ணலைன்னா இருக்கு உனக்கு என்கிற தொனி வந்துவிடும். கிளையன்ட்களுக்கு 'யூ பெட்டர்' போடுவதை நிறுத்திவிட்டேன். எங்கள் மேனேஜர் மதுரைக்காரர், அவருக்கு மட்டும் இன்னும் போடுகிறேன். அவரும் எனக்கு அதையேதான் அனுப்புகிறார்.