கினி-பிசாவு நாட்டைப் படிக்க உதவும் இணையத்தளம்: உலகத் திட்டமிட்ட குற்றக் குறியீடு

ஜெனீவாவிலிருந்து இயங்கும் ஓர் ஆய்வு அமைப்பு, திட்டமிட்ட குற்றங்களின் (கும்பல்கள் அமைப்பாக இயங்கி நடத்தும் குற்றங்களின்) வீச்சை 193 நாடுகளுக்கும் மதிப்பிட்டு, 2021 முதல் ஈராண்டுக்கு ஒருமுறை இக்குறியீட்டை இணையத்தில் இலவசமாக வெளியிட்டு வருகிறது. மேற்கு ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான கினி-பிசாவு குறித்து அறிய விரும்புவோருக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் பக்கத்தின் மேலே பெரிதாகத் தெரியும் மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடக் கூடாது.

அந்த மதிப்பெண் ஒரு சராசரி. மனிதக் கடத்தல், ஆயுதக் கடத்தல், கோக்கைன், செயற்கைப் போதைப்பொருள் எனப் பல குற்றச் சந்தைகளுக்கும், அவற்றை நடத்துவோருக்கும் 1 முதல் 10 வரை தனித்தனியே புள்ளியிட்டுக் கணக்கிடுகிறார்கள். பல சந்தைகள் சிறிதாகவும் ஒரே ஒரு சந்தை அரசையே விழுங்கும் அளவுக்குப் பெரிதாகவும் உள்ள நாட்டில், இந்தக் கணக்கு நோயின் கடுமையைக் குறைத்துக் காட்டிவிடும். கினி-பிசாவு அத்தகைய நாடு; அங்கே அந்தப் பெரிய சந்தை கோக்கைன்.

ஆகவே, நான் முதலில் பார்ப்பது அரசுக்குள்ளேயே இருந்து குற்றத்துக்குத் துணைபோவோருக்கான புள்ளியைத்தான். இக்கருவியின் தலைசிறந்த பகுதி அதுவே. 2009 மார்ச்சில் ராணுவத் தளபதி தாக்மே நா வாயே குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட சில மணி நேரத்தில், குடியரசுத் தலைவர் நீனோ வியெய்ராவும் படைவீரர்களால் கொல்லப்பட்டார். 2012 ஏப்ரலில், தேர்தலின் இரு சுற்றுகளுக்கு இடையே ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அடுத்த ஆண்டே, முன்னாள் கடற்படைத் தளபதி பூபோ நா சூத்தோவை அமெரிக்க அதிகாரிகள் நடுக்கடலில் கைது செய்ய, போதைப்பொருள் கடத்தல் வழக்கில் அவர் பின்னர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். சீருடையும் கடத்தலும் இப்படிப் பின்னிப் பிணைந்த நாட்டில், குற்றக் கும்பல்களை மட்டும் எண்ணும் அளவுகோலால் பயனில்லை என்பதை இக்குறியீட்டை வடிவமைத்தவர்கள் உணர்ந்திருக்கிறார்கள்.

மறுபக்கத்தில், குற்றத்தை எதிர்கொள்ளும் திறனை நீதித்துறை, காவல்துறை, சாட்சிகளின் பாதுகாப்பு உள்ளிட்ட 12 கூறுகளாகப் பிரித்து அளக்கிறார்கள். கினி-பிசாவிலுள்ள நீதிப் புலனாய்வுக் காவல்துறை, வசதிகள் குறைந்த நிலையிலும் 2019 செப்டம்பரில் 1.8 டன்னுக்கும் மேற்பட்ட கோக்கைனைப் பிடித்தது. 2024 செப்டம்பரில் வெனிசுவேலாவிலிருந்து தலைநகர் விமான நிலையத்தில் வந்திறங்கிய விமானத்தில் சுமார் 2.6 டன் கைப்பற்றப்பட்டது. பிடிப்பவர்களின் துணிவும் தண்டனை வாங்கித் தரும் அமைப்பின் பலவீனமும் வெவ்வேறானவை என்பதால், காவல்துறைக்கும் நீதித்துறைக்கும் தனித்தனிப் புள்ளி தருவது மிகச் சரியான முடிவு.

ஈராண்டு இடைவெளிதான் பெருங்குறை. 2025 நவம்பரில், தேர்தல் முடிவுகள் வெளிவரவிருந்த வேளையில் ராணுவம் மீண்டும் ஆட்சியைக் கைப்பற்றி, குடியரசுத் தலைவர் எம்பாலோவைப் பதவியிலிருந்து அகற்றியது. 2025ஆம் ஆண்டுப் பதிப்பின் எண்கள் அதற்கு முந்தைய நாட்டைப் பற்றியவை. மேலும், இவை வல்லுநர்களின் மதிப்பீடுகளே தவிர, எடைபோட்டு அளந்த அளவுகள் அல்ல. அரைப் புள்ளி ஏறியது, இறங்கியது என்பதை வைத்து முடிவுக்கு வருவது தவறு. எண்களோடு தரப்படும் நாட்டுக் குறிப்பை முழுமையாகப் படித்து, அண்மைச் செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பவர்களுக்கே இத்தளம் முழுப் பயன் தரும்.