திருச்சி–சென்னை விமானம்: கும்பகோணத்துக்காரர்களுக்குக் கட்டுப்படியாகுமா?

எனக்கு நாச்சியார்கோயில் குத்துவிளக்கு வியாபாரம். சென்னைக் கடைகளுக்கு மாதிரி காட்ட அவ்வப்போது திருச்சியில் விமானம் ஏறுகிறேன்.

வான்வழியில் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 290 கிலோமீட்டர்தான். டிக்கெட்டில் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் போட்டிருக்கும். ஓடுபாதையில் ஊர்ந்து போகும் நேரமும் அதில் சேர்த்தி. ஆனால் கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூர் வழியாக விமான நிலையம் போய்ச் சேரவே காரில் இரண்டு மணி நேரம். ஒரு மணி நேரமாவது முன்னதாகப் போக வேண்டும். எல்லாம் கூட்டினால் வீட்டு வாசலிலிருந்து மீனம்பாக்கம் வரை ஐந்து மணி நேரம் நெருங்கிவிடும். உழவன் எக்ஸ்பிரஸில் ராத்திரி படுத்தால் விடிவதற்குள் சென்னை, செலவும் கொஞ்சம்தான்.

இந்தத் தடத்தில் நான் போவது சின்ன ஏடிஆர் விமானம். பக்கத்துக்கு இரண்டு இருக்கை, நடு சீட் தொல்லையே இல்லை. இறக்கை மேலே இருப்பதால் ஜன்னல் மறைக்காது. இடது பக்கம் கேட்டு வாங்குங்கள். வானம் தெளிவாக இருந்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே ஸ்ரீரங்கம் தெரியும். எனக்கு அது இன்னும் அலுக்கவில்லை.

தலைக்கு மேல் பெட்டி வைக்கும் இடம் குறுகல். நான் விளக்கைப் பாகம் பாகமாகத் திருகிக் கழற்றி, ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் சுற்றி செக்-இன் பையில் போட்டுவிடுவேன். மழைக்காலத்தில் ஒருமுறை வெகுநேரம் தாமதம். காரணம் சொல்லக்கூட ஆளில்லை. அது தப்பு.

தஞ்சாவூர்க்காரர்கள் தாராளமாகப் போகலாம். மயிலாடுதுறைக்கு அந்தப் பக்கம் என்றால் ரயில்தான்.